ரோதமுனி வளைவில் ஒரு பாக்கி

அமைதிக்கு விலை கிடையாது என்பார்கள். நுவரெலியா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் பைஸர் அதற்கும் விலை கேட்டார். எழுபத்திரண்டு இலட்சம் என்றார்கள். அரை நாள் பேசினார். இரண்டு தேநீர் குடித்தார். "சரி, வேண்டாம்" என்று மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். கடைசியில் அறுபத்தெட்டுக்கு முடித்தார். அமைதியோடு ஒரு காரும் சேர்ந்து வந்தது.

அது ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் ஓடும், பெட்டரியிலும் ஓடும். பெட்டரியில் ஓடும்போது எஞ்சின் மூச்சு விடாது. நிறம் சாம்பல். நுவரெலியாப் பனிமூட்டத்தின் அதே சாம்பல். காலையில் வாசலில் நிறுத்தியிருந்தால், பனி எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"எனக்கு இது பிடிக்கல்ல," என்றார் அவர் மனைவி செரீபா. "முதுகுக்குப் பின்னால வந்து நின்றாலும் தெரியாது. பூனைகூட மியாவ் என்று சொல்லிவிட்டு வரும்."

"கத்துற கார் பெட்ரோல் குடிக்கும்," என்றார் பைஸர். "இது வாயை மூடிக்கொண்டு ஓடும். வீட்டிலயும் சில பேர் இதைப் பார்த்துப் படிக்கலாம்."

அன்று இரவு அவருக்குக் குழம்பில் உப்புக் கூடியிருந்தது.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க பைஸர் ஒரு வித்தை வைத்திருந்தார். மலைநாட்டு லொறிக்காரர்களிடம் பார்த்துப் பழகியது. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிடுவார். வண்டி தானாக உருளும். "மலை சும்மா தள்ளுது. சும்மா தள்ளுறவன் இருக்கும்போது பெட்ரோலுக்கு என்னத்துக்குக் கூலி கொடுக்கணும்?" என்பார்.

அவருடைய மகள் மின்ஹாவுக்குப் பதினொரு வயது. வாப்பாவின் வித்தைகளில் பாதியை அவள் ரசிப்பாள். மீதிப் பாதியை உம்மாவிடம் சொல்லாமல் இருப்பாள்.

கார் வந்து இரண்டாவது வாரம் அது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் மின்ஹாவின் பக்கத்தில் தனுஷிகா நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"காலுக்கு என்ன?"

"சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

தனுஷிகா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்தின் கீழ்ப் பிரிவைக் கீழ்க்கணக்கு என்பார்கள். அங்கே லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றுதான் அவளுடையது. பஸ்ஸில் இருந்து இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் நடந்து போக வேண்டும். பள்ளிக்கூடச் சப்பாத்து சேறாகாமல் இருக்க, தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அந்த ரோட்டில் செருப்போடு நடப்பார்கள்.

வழியில் ரோதமுனி வளைவு இருக்கிறது. எப்போதோ மூடிப்போன ஓர் ஆலையின் பெரிய இரும்புச் சக்கரம் அங்கே பாதி மண்ணில் புதைந்து நிற்கிறது. தோட்டத்தில் சக்கரத்தை ரோதை என்பார்கள். ரோதைகளுக்குக் காவலான சாமி ரோதமுனி. அந்தச் சக்கரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அதையே ரோதமுனியாகக் கும்பிடுவார்கள்.

"நேத்து நானும் ஜெனுஷனும் நடந்து வர்றோம்," என்றாள் தனுஷிகா, குரலைத் தாழ்த்தி. "சரியான பனி. முன்னுக்குப் போற ஜெனுஷனோட பை தெரியுது, ஜெனுஷன் தெரியல. ரோதமுனி வளைவுக்கு வந்ததும் குருவிச் சத்தமெல்லாம் நின்னு போச்சு. அப்போ ஒரு ஆம்பளக் குரல். ரகசியமா. 'வாடி தங்கம்... மெதுவா வாடி... இன்னும் கொஞ்ச தூரம்தான்...' அப்படின்னு."

மின்ஹா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"யார்?"

"யாரும் இல்ல. காலடிச் சத்தம் இல்ல. வெளிச்சம் இல்ல. பனியில ஒரு துண்டு தனியாப் பிரிஞ்சு, என்னை உரசுற மாதிரி போச்சு. நான் பக்கத்துத் தண்ணிக் கானுக்குள்ள பாய்ஞ்சேன். கால் பிரண்டிருச்சு. அது போன பிறகு கருகுன வாசம். எழும்பிப் பார்த்தா ஒரு செருப்பக் காணோம். அது எடுத்துட்டுப் போயிருச்சு."

"பேய்க்கு ஒற்றைச் செருப்பு என்னத்துக்கு?"

முன் வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெனுஷன் திரும்பினான். "ஒத்தக் கால் பேயா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"இது முதல் தடவையா?" என்று கேட்டாள் மின்ஹா.

"நாலாவது. போன வாரம் புதன்கிழமை லயத்துப் புள்ளைங்க பார்த்தாங்க. சனிக்கிழமை அம்மா பறிச்ச கொழுந்த நிறுத்துக் கொடுத்துட்டு வரும்போது பார்த்தாங்க. திங்கக்கிழமை பௌர்ணமி, போயா லீவு அன்னைக்கு, கோயிலுக்குப் போனவங்க பார்த்தாங்க. நேத்து நான்." தனுஷிகா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை என்னை உடப்புசல்லாவைக்கு அனுப்புறாங்க, மின்ஹா. அத்தை வீட்டுக்கு. அங்கேயே பள்ளிக்கூடமாம். அந்த ரோட்டுல இனி என்னை நடக்க விட மாட்டாங்களாம்."

அந்த வாங்கு இரண்டு பேருக்கானது. ஒரு பக்கம் காலியானால் எப்படி இருக்கும் என்று மின்ஹா நினைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை பின்னேரம், நானுஓயா ஸ்டேஷனுக்குத் துணிப் பார்சல் எடுக்க பைஸர் கிளம்பினார். வாரத்தில் புதனும் சனியும் கொழும்பிலிருந்து ரயிலில் பார்சல் வரும். தோட்டத்து ரோடு குறுக்கு வழி.

"நானும் வாறேன், வாப்பா," என்றாள் மின்ஹா. அந்த வளைவை ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"சம்பளம் கேட்காத வேலையாள் என்றால் ஏறு."

டவுன் ரோட்டில் மின்ஹா காரின் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு சக்கரப் படம், ஒரு பெட்டரிப் படம், ஓர் எஞ்சின் படம். கார் வேகம் எடுத்தபோது எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு அம்பு ஓடியது. சந்தியில் வாப்பா மெதுவாகப் பிரேக்கை மிதித்தார். அம்பு திரும்பியது. இப்போது சக்கரத்திலிருந்து பெட்டரிக்கு ஓடியது.

"வாப்பா, சக்கரம் பெட்டரிக்குக் கரண்ட் அனுப்புது!"

"அது சும்மா படம், மகள். பிள்ளைகளைக் காட்டி விலையைக் கூட்டுறதுக்குப் போட்டிருக்கான்."

தோட்டத்து ரோடு வந்தது. பனி இறங்கி வந்து காரை விழுங்கியது. தேயிலைச் செடிகள் மறைந்தன. பிறகு ரோட்டோரக் கான் மறைந்தது. பிறகு காரின் முன்பக்கமே மங்கியது.

இறக்கம் தொடங்கும் இடத்தில் பைஸர் கியரை நியூட்ரலில் தள்ளினார். திரையில் ஓர் அம்புகூட இல்லை. ஏசியை நிறுத்தினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். டக் என்று முன் லைட்டையும் அணைத்தார்.

"வாப்பா! லைட்?"

"லைட்டுக்குக் கரண்ட் யார் கொடுக்கிறது? பெட்டரி. பெட்டரிக்கு யார் கொடுக்கிறது? பெட்ரோல். இந்த ரோடு எனக்கு உள்ளங்கை மாதிரி. உள்ளங்கையைப் பார்க்க யாரும் டோர்ச் அடிப்பாங்களா?"

எந்தச் சத்தமும் இல்லாமல் கார் உருண்டது. ஈரப் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மின்ஹாவின் கன்னத்தைத் தடவியது. எங்கோ ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. சட்டென்று அதுவும் நின்றது.

பைஸர் ஸ்டீயரிங்கைச் செல்லமாகத் தட்டினார். கொஞ்சும் குரலில் முணுமுணுத்தார்.

"வாடி தங்கம்... மெதுவா வாடி... இன்னும் கொஞ்ச தூரம்தான்..."

மின்ஹா சட்டென்று வாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

குரல். வெளிச்சமில்லாத, சத்தமில்லாத சாம்பல் உருவம். வாப்பா பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார்; சக்கரப் பக்கமிருந்து கருகிய வாசம் வருகிறது. பேயைப் பார்க்க வந்தவள் பேயின் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"வாப்பா, நிப்பாட்டுங்க!"

"ஏன், வாந்தி வருதா?"

அப்போது பனிக்குள் நெருப்புகள் தெரிந்தன. சின்னச் சின்ன நெருப்புகள். தரையில் ஒன்றும் இல்லை, எல்லாம் இடுப்பு உயரத்தில் மிதந்தன. அவற்றின் பின்னால் ஒரு பெரிய கறுப்பு வட்டம். பைஸருடைய வாய் பிளந்தது.

மின்ஹா எட்டி ஹோர்னை அடித்தாள். விட்டு எடுக்காமல் அடித்தாள்.

பைஸர் பிரேக்கை அடிவரை மிதித்தார். கார் சறுக்கி நின்றது. நெருப்புகள் நாலு பக்கமும் சிதறின. ஒன்று "ஐயோ அம்மா!" என்று கத்தியது.

டம்! முன் கண்ணாடியில் ஓர் எலுமிச்சம்பழம் வந்து மோதியது.

பனி கொஞ்சம் விலகியது. கறுப்பு வட்டம் ரோதமுனிச் சக்கரம். மிதந்த நெருப்புகள் தட்டுகளில் ஏற்றிய சூடம். கீழ்க்கணக்கு லயத்துச் சனங்கள் பேயை விரட்டப் பூசை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூசைக்கு நடுவிலேயே பேய் வந்து நின்றுவிட்டது.

பேய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியது.

"எலுமிச்சம்பழம் இப்ப என்ன விலை விற்குது! அதை எடுத்து எறியிறீங்களே!"

"இது... துணிக்கடை முதலாளி இல்ல?" என்று ஒரு பெண் முன்னால் வந்தார். தலையில் கொழுந்துச் சாக்கு, கையில் சூடத் தட்டு. தனுஷிகாவின் அம்மா கிருஷாந்தி. அவர் பின்னால் தனுஷிகா ஒளிந்து நின்றாள். கொஞ்சம் தள்ளி ஜெனுஷன், கழுத்தில் ஜெபமாலையோடு. அவன் வீட்டார் வேதக்காரர்கள். ஆனாலும் பேய் எல்லோருக்கும் பொது என்று வந்திருந்தான்.

"முதலாளி," என்றார் கிருஷாந்தி, "உங்க காருக்குத்தான் வாய் இல்ல. கண்ணும் இல்லையா?"

அதற்குள் மின்ஹா இறங்கிவிட்டாள். காரின் முன்பக்கம் குனிந்து பார்த்தாள். பம்பருக்கு அடியில் சேற்றோடு ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. பிடித்து இழுத்தாள்.

ஒற்றைச் செருப்பு. சிறியது. வார் அறுந்திருந்தது.

"என்னோடது," என்றாள் தனுஷிகா மெல்ல.

பைஸர் காரிலிருந்து இறங்கினார். செருப்பைப் பார்த்தார். தனுஷிகாவின் வீங்கிய காலைப் பார்த்தார். அந்தச் செருப்புக்கும் அந்தக் காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் வெளிறியது. எந்தப் பொருளைக் கண்டாலும் விலை சொல்லும் வாய் அது. அன்று அது விலை சொல்லவில்லை.

"யா அல்லாஹ்," என்றார் கடைசியில். "என்ட பிழை. மன்னிச்சிடுங்க, தங்கச்சி. இனி லைட் போட்டுத்தான் வருவேன்."

கிருஷாந்தி தலையை ஆட்டினார். "இன்னைக்குச் சொல்லுவீங்க, முதலாளி. நாளைக்குப் பெட்ரோல் விலை ஏறுனா லைட்ட அணைச்சிடுவீங்க. எங்களுக்கு வியாபாரிங்களத் தெரியாதா? புள்ளைய நாளைக்கு அனுப்பத்தான் போறேன்."

மின்ஹாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுது என்ன பயன்? கிருஷாந்தி ஆன்ட்டி சொன்னது உண்மை. வாப்பா பாவத்துக்குப் பயப்படுவார். நட்டத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுவார்.

அப்படியென்றால்...

"வாப்பா," என்றாள். "இந்த ரோட்டில போய்த் திரும்பினா, திரையில லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் காட்டும்?"

"பதினேழு. ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். ஏன்?"

"இப்ப மேல போய், நான் சொல்ற மாதிரி ஒரு தடவை இறங்கி ஏறுங்க. பதினேழைவிடக் கூடினா, எப்பவும் என்ட முறைதான். குறைஞ்சா, எனக்குப் பெருநாள் உடுப்பு வேண்டாம்."

கடையில் வளர்ந்த பிள்ளை. பைஸருக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. "சாட்சி?"

"ஆன்ட்டியும் தனுஷிகாவும் பின்னால ஏறட்டும்."

"பாரம் கூடும். நட்டப்படப் போறது நீதான், பார்த்துக்கொள்."

கிருஷாந்தி ரோதமுனியை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு, சேற்றுக் கால்களைப் புல்லில் துடைத்துவிட்டு ஏறினார்.

மேலே போய்க் காரைத் திருப்பினார்கள். பைஸர் திரையில் இருந்த கணக்கை அழித்துப் பூச்சியத்தில் வைத்தார். முன்னால் பனி சுவர்போல் நின்றது.

"லைட் போடுங்க. கியர் 'டி'யிலேயே இருக்கட்டும். பெட்ரோலை மிதிக்க வேண்டாம். வளைவுக்கு நல்லா முன்னாலேயே பிரேக்கைத் தொடுங்க. முட்டை மேல கால் வைக்கிற மாதிரி."

கார் இறங்கியது. திரையில் சக்கரத்திலிருந்து பெட்டரிக்கு அம்பு ஓடத் தொடங்கியது. பெட்டரிப் படத்தில் ஒரு கோடு கூடியது. இன்னொன்று கூடியது.

"ஏய், மின்ஹா!" தனுஷிகா முன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினாள். "பொல்பிட்டிய மாதிரி!"

போன வருடம் வகுப்போடு பொல்பிட்டிய மின்நிலையத்துக்குப் போயிருந்தார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீர் அங்கே சக்கரத்தைச் சுற்றும், கரண்ட் வரும்.

"அதேதான்," என்றாள் மின்ஹா. "கார்தான் தண்ணி. மலையிலிருந்து விழுது. 'டி'யில விட்டா ரோதையைச் சுத்திக் கரண்ட் எடுக்கும். நியூட்ரல்ல விட்டா ரோதையைத் தொடாம சும்மா கொட்டிப் போகும். பிரேக்தான் கிடந்து கருகும்."

பைஸர் பெட்டரிக் கோடுகளை எண்ணினார். அவருக்கு 'சும்மா கொட்டிப் போகும்' என்ற சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. இரண்டு வாரமாகக் கொட்டியிருக்கிறார்.

செங்குத்தான இடத்தில், காரோடு வந்த புத்தகத்தில் பார்த்திருந்த 'பி' என்ற இறக்கக் கியருக்கு மாற்றச் சொன்னாள் மின்ஹா. கார் தானே தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. ரோதமுனி வளைவில் ஒரு சின்ன ஹோர்ன். நானுஓயா வந்தபோது பெட்டரி நிறைந்திருந்தது. லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. கருகிய வாசம் இல்லை.

பார்சலை ஏற்றித் திரும்பினார்கள். ஏற்றத்தில் விரட்டாமல், ஒரே சீராக ஏறச் சொன்னாள் மின்ஹா. சேர்த்து வைத்த கரண்ட் எஞ்சினுக்குத் தோள் கொடுத்தது. உச்சியில் கார் நின்றதும் நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

இருபத்தொன்று.

பைஸர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார். இருபத்தொன்றேதான்.

"நாலு பேரோட... பார்சலோட..." என்று முனகினார்.

பின் சீட்டிலிருந்து கிருஷாந்தி கேட்டார். "அப்போ முதலாளி, லைட்டப் போட்டு, மெதுவா வந்தா உங்களுக்கு லாபம்?"

"லாபம்தான், தங்கச்சி."

"அப்போ நம்பலாம்." அவர் முந்தானையிலிருந்து போனை எடுத்தார். "உடப்புசல்லாவை அத்தைக்குச் சொல்லிடுறேன். புள்ள வரல."

மின்ஹாவும் தனுஷிகாவும் போட்ட சத்தத்தில், அந்தக் கார் வாழ்க்கையில் முதல் தடவையாக அமைதியை இழந்தது.

அவர்களை லயத்துக்குக் கொண்டுபோய் விட மறுபடி இறங்கினார்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ரோதமுனி வளைவில் பூசை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். சக்கரம் மட்டும் பனியில் நின்றது. பைஸர் காரை ஓரமாக நிறுத்தினார். புதுச் செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, வியாபாரி இல்லையா, கணக்கை முடிக்கப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை தடவை பேய் பார்த்தீங்க?"

"நாலு," என்றாள் தனுஷிகா. "போன வாரம் புதன்."

"நான்."

"சனி."

"நான்."

"திங்கள். போயா அன்னைக்கு."

"நான்... இல்லையே." பைஸர் நிமிர்ந்தார். "போயாவுக்குக் கடை பூட்டு. பார்சலும் வராது."

"கார் நாள் முழுக்க வீட்டு வாசலிலதான் நின்றது," என்றாள் மின்ஹா. "உம்மா அதுக்கு மேல பாயைக் காயப் போட்டிருந்தாங்க."

பைஸர் வளைவைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற யாரும் ஹைபிரிட்காரங்க வந்திருப்பாங்க," என்றார் பைஸர். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

"அன்னைக்குப் பார்த்தவங்க குரல் கேட்டதா சொல்லலையே. கருகுன வாசமும் இல்லையாம்," என்றாள் தனுஷிகா. பிறகு மஞ்சள் துணி கட்டிய சக்கரத்தைப் பார்த்தாள். "ரோதமுனியா இருக்கும். யாரு இங்க ரோதைய வீணா ஓட்டுறதுன்னு பார்க்க வந்திருப்பார்."

மின்ஹா மெதுவாகக் கையை நீட்டி ஹோர்னை ஒரு தடவை தொட்டாள்.

பீப்.

பனி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு விட்டு, வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, சின்னதாகப் பதில் வந்தது.

பீப்.

நாலு பேரும் காத்திருந்தார்கள். எந்தக் காரும் வரவில்லை.

"மலை எதிரொலிக்குது," என்றார் பைஸர். ஆனாலும் நாலு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார். ஏசியையும் போட்டார். விலை கேட்கவில்லை.

ஆக, அன்றைய கணக்கு: செருப்பு, போனது ஒன்று, வந்தது ஒன்று. பெட்ரோல், லீட்டருக்கு நாலு கிலோமீட்டர் வரவு. வாங்கில் பக்கத்து இடம், செலவாகாமல் அப்படியே இருப்பு. பேய், பார்த்தது நாலு. வாப்பா ஏற்றுக்கொண்டது மூன்று.

ஒன்று பாக்கி.